அந்தப் படத்தில் இருப்பது நான்தான்

கார்த்தி,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று தபாலில் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, இறந்துபோன உன் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டு அழகாக அச்சடித்திருக்கிறாய். நான் கல்யாணத்துக்கு வருவேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனி நான் எழுதப்போவதை எல்லாம், வருவதற்கு நான் போடும் நிபந்தனை என்று நினைத்துக்கொள்வாய். நிபந்தனை எதுவும் இல்லை. ஆனால் கோபம் இருக்கிறது. போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். பிறகு நீ கூப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஷெட்டில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அம்மாவுக்கும் மகனுக்கும் மட்டுமான விஷயமாக இருந்திருந்தால் நான் எப்போதோ விழுங்கியிருப்பேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். ஏனென்றால் உன் அலுவலகத்தில் இது ஒருவருக்கும் தெரியாது என்று இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. உன் அப்பா இறந்து ஒரு வருஷம் கழித்து, மூணாறுக்கு மேலே எஸ்டேட் லயத்தில் நாம் இருந்த வீட்டைக் காலி செய்துகொடுத்துவிட்டு, உன்னைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக்கு வந்தேன். கொழுந்து கிள்ளுவதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. டிவி பெட்டி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். ஆள் குறைந்த ஒரு நாளில் என்னைச் சால்டரிங் மேசையில் உட்காரவைத்தார்கள். என் கை நடுங்கவில்லை என்பதால் அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்தக் கம்பெனி மூடிய பிறகு, அங்கே சூப்பர்வைசராக இருந்த சென்னியப்பன் கோயமுத்தூர் ரோட்டோரமாக ஒரு ஷெட் போட்டார். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பழைய ஜெராக்ஸ் மெஷின்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் ஷெட். முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிட்டார். பதினாறு வருஷம் அங்கே இருந்தேன். கடைசி ஒன்பது வருஷம் டெஸ்டிங் மேசைக்கு நான்தான் பொறுப்பு. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு மெஷினும் வெளியே போகாது.

வெளிநாட்டில் ஏதோ ஒரு ஆபிஸில் சில வருஷம் ஓடிவிட்டு, புது மாடல் வந்துவிட்டது என்பதற்காக ஒதுக்கப்பட்ட மெஷின்கள் அவை. கொச்சியிலிருந்து லாரியில் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளே படிந்திருக்கும் கரிப்பொடியை உறிஞ்சி எடுத்து, தேய்ந்த ரோலர்களை மாற்றி, போர்டில் கருகிய இடத்தைச் சுரண்டிப் பற்றவைத்து, மறுபடி பூட்டி நாள் முழுக்க ஓட்டிப்பார்ப்போம். சித்தூர், பொள்ளாச்சி, மறையூர், குமுளி என்று எத்தனை ஊரில் எங்கள் மெஷின் ஓடியது! நீ பிளஸ் டூ படித்தபோது நோட்ஸ் நகலெடுக்கப் போன கடையிலும் எங்கள் மெஷின்தான் இருந்தது. "இது எங்கம்மா பாத்த மெஷின்" என்று அந்தக் கடைக்காரரிடம் நீ சொன்னாயாம். அவரே அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

எல்லாமே நல்லபடியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. சில லோடுகளில் பத்து மெஷினில் மூன்று செத்தே வரும். உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடுகூட வந்திருக்கிறது. அனுப்புகிறவனுக்கு அது தெரியும். அவன் ஊரில் அதை முறைப்படி ஒழிக்கச் செலவாகும் என்பதால், நல்ல மெஷினோடு கலந்து நம் தலையில் கட்டிவிடுவான். எந்த லோடில், எந்த நம்பர் மெஷின், என்ன கோளாறோடு வந்தது என்று நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒருநாள் யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கைதான். கரிப்பொடி மூச்சுக்கு நல்லதில்லை. நல்ல முகமூடியும் இன்னொரு உறிஞ்சும் மெஷினும் வேண்டும் என்று சென்னியப்பனோடு நான் சண்டை போட்டதுண்டு. எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் வேறொருவரின் யார்டு இருந்தது. அங்கே செம்புக்காகக் கேபிளை எரிப்பார்கள். அந்தப் புகை வரும்போது நாங்கள் ஜன்னலை அடைத்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கேபிள் எதுவும் கப்பலில் வந்ததில்லை. நம் ஊர் ஆபிஸ்களிலும் வீடுகளிலும் கழித்துப் போட்டது. இது அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். உனக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ கேமராவோடு வந்தாய். மின்னணுக் கழிவைப் பற்றி வேலை செய்யும் அமைப்பில் சேர்ந்திருக்கிறாய், அம்மாவின் வேலையைப் படம் எடுக்க வருகிறாய் என்று நான் ஷெட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இஸ்திரி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு வந்தேன். டெஸ்டிங் மேசையில் என்னை உட்காரவைத்து நிறைய எடுத்தாய். பிறகு கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உதட்டைப் பிதுக்கினாய்.

"சரியா வரலம்மா. கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கு. பின்னாடி யார்டுக்கு வா."

"அங்க எதுக்குய்யா? அது நம்ம எடம் இல்லியே."

"ரெண்டு நிமிஷந்தான். வெளிச்சம் அங்கதான் நல்லாருக்கு."

யார்டில் கேபிள் குவியலுக்குப் பக்கத்தில் என்னைத் தரையில் உட்காரச் சொன்னாய். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாய். செருப்பையும் கழற்றச் சொன்னாய். "கம்பியாக் கெடக்குய்யா, கால்ல குத்தும்" என்றேன். நீயே குனிந்து என் காலடியில் இருந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கித் தள்ளிவிட்டாய். கையில் கொஞ்சம் கரி இருந்தால் நன்றாக இருக்கும் என்றாய். நானே உள்ளே போய்ப் பழைய டப்பாவைத் திறந்து கரிப்பொடியை இரண்டு கையிலும் பூசிக்கொண்டு வந்தேன். கன்னத்திலும் கொஞ்சம் பட்டுவிட்டது. அது அப்படியே இருக்கட்டும் என்றாய். எனக்கு என் கோலத்தை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதம்மா" என்றாய்.

"இது எதுக்குய்யா, யாரு பாக்கப்போறாங்க?"

"குப்பைய அனுப்புறவங்களுக்கு ஒரு பொறுப்பு வரணும்லம்மா. ஒங்களுக்கு நல்லதுதான் நடக்கும்."

அந்த நோட்டை உன்னிடம் கொடுத்தேன். இதில் எல்லாம் இருக்கிறது, அனுப்பியவன் பெயர்கூட இருக்கிறது என்றேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, அப்புறம் பார்க்கிறேன் என்று மேசையிலேயே வைத்துவிட்டாய். கரிப்பொடியை வெந்நீரில் கழுவினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில்தான் போகும். நீதான் செம்பில் தண்ணீர் ஊற்றினாய், நான் கழுவிக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் கை பளிச்சென்று ஆகிவிட்டது. அதை நீ பார்த்தாய்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தப் படத்தை நான் மறந்தே போனேன். நீ கட்டிக்கொள்ளப்போகும் நிவேதாவை எனக்கு அறிமுகம் செய்து வைத்தாயே, அந்த வீடியோ காலில்தான் மறுபடி பார்த்தேன். நல்ல பெண். வாய் நிறைய ஆன்ட்டி, ஆன்ட்டி என்று கூப்பிடுகிறாள். உன் ஆபிஸில் இருந்துகொண்டு, உன் பெருமையைச் சொல்வதற்காகப் போனைத் திருப்பிச் சுவரைக் காட்டினாள். சுவர் அகலத்துக்கு ஒரு படம். கலைந்த தலை, கறுத்த கை, தரையில் வெறுங்காலோடு ஒரு கிழவி. "இது கார்த்தி எடுத்தது ஆன்ட்டி. இந்தம்மாவ ஒவ்வொரு நாளும் பாக்கும்போது எனக்கு அழுகையா வரும். இவங்களுக்காகத்தான் நாங்க எல்லாரும் வேலை பாக்குறோம்" என்றாள். நீ அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாய். நீ ஏதாவது சொல்வாய் என்று பார்த்தேன். "அம்மா, சாப்டியா?" என்று கேட்டாய். நான் சாப்பிட்டேன் என்றேன். அவள் என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள், கார்த்தி. அந்தப் படத்தில் இருப்பதும் அதே முகம்தான். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அது என் முகமாகத் தெரியக்கூடாது என்றுதானே நீ அப்படி எடுத்தாய்.

அப்போதும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாலக்காட்டில் அந்த ஹியரிங் நடந்த அன்றைக்குத்தான் என் நெஞ்சில் ஏதோ முறிந்தது. பழைய மெஷின்களை இறக்குமதி செய்ய இனிமேலும் அனுமதிக்கலாமா என்று முடிவு செய்ய அதிகாரிகள் எல்லாத் தரப்பையும் கூப்பிட்டிருந்தார்கள். சென்னியப்பன், நான், இன்னும் நான்கு பேர் போயிருந்தோம். நான் அந்த நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். நீ உன் ஆட்களோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தாய். தலையை லேசாக ஆட்டினாய், தெரிந்தவரைப் பார்த்தால் ஆட்டுவதுபோல. உங்கள் மேலதிகாரி எழுந்து போய்த் திரையில் அந்தப் படத்தைப் போட்டார். ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விசாரணை நடத்திய அதிகாரி அம்மாள் அதையே பார்த்துவிட்டு, மலையாளத்தில் கேட்டார், இந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள், எங்கே இருக்கிறாள் என்று. "அவரது பாதுகாப்புக்காக அதைச் சொல்ல முடியாது" என்றார் உங்கள் ஆள். நான் ஆறு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பவில்லை. உன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் தலை துவட்டிவிட்ட பிடரி. ஒரே ஒரு வார்த்தை, "அது என் அம்மா, இங்கேதான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார்" என்று சொல்லியிருந்தால் போதும். நீ போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

நானும் எழுந்திருக்கவில்லை. உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று பயந்தேன். அதற்குப் பிறகு எங்களிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சென்னியப்பன் பேச எழுந்தபோது, அந்தப் பெண்ணை அந்தக் கதிக்கு ஆளாக்கியவர் இவர்தான் என்பதுபோல எல்லோரும் பார்த்தார்கள். அவர் எழுதி வைத்திருந்ததில் பாதியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது வேனில் என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். கஞ்சிக்கோடு நெருங்கும்போதுதான் கேட்டார்.

"ஏனுங்கக்கா, அது நீங்கதானுங்களே?"

"ஆமா தம்பி."

"எடுத்தது நம்ம கார்த்திங்களா?"

"ஆமா."

"எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. பத்துப் பேரு பொழப்புங்கக்கா." அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முடிவு வரும்வரை புது லோடு எதுவும் எடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. வந்துகொண்டிருந்த லோடும் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. மூன்று மாதம் சென்னியப்பன் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஷெட்டைப் பூட்டினார். இரண்டு பேர் திருப்பூருக்குப் போனார்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபிஸில் நகலெடுத்துக் கொடுக்கிறேன். இதைத்தான் நீ முக்கியமாகக் கேட்க வேண்டும்: மூன்று பேர் பின்னால் இருக்கும் அதே யார்டுக்குக் கேபிள் எரிக்கப் போனார்கள். உங்கள் படத்தில் இருந்தது அந்த யார்டு. உங்கள் உத்தரவு பூட்டியது எங்கள் ஷெட்டை. கப்பலில் வருவதைத்தானே நிறுத்தச் சொன்னீர்கள்? யார்டுக்குக் கப்பலில் ஒன்றும் வருவதில்லை என்பதால் அதை யாரும் தொடவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு என் பங்கைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமானவள் இல்லை. உன் அப்பா இறந்த வருஷம் உனக்கு எட்டு வயது. வெளிநாட்டுக்காரர்கள் ஒரு குழந்தையின் படிப்புக்கு உதவும் திட்டம் ஒன்று எஸ்டேட்டுக்கு வந்தது. அதற்கு ஒரு சார் வந்து லயத்தில் வீடு வீடாகப் படம் எடுத்தார். நீ அந்தத் தீபாவளிக்கு எடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டு, தலையில் எண்ணெய் வைத்து வாரி, வாசலில் நின்றாய். அந்த சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படி எடுத்தா அனுப்ப முடியாதும்மா" என்றார். நான் உன்னை உள்ளே கூட்டிப்போய் அந்தச் சட்டையைக் கழற்றி, தோளில் கிழிந்த பழைய சட்டையைப் போட்டுவிட்டேன். தலையைக் கலைத்துவிட்டேன்.

"நல்ல சட்டை இருக்குல்லம்மா?" என்று கேட்டாய்.

"அது இருக்கட்டும். இதப் போடு. அங்க போயி சிரிக்காத, என்ன?"

நீ சிரிக்கவில்லை. உனக்கு உதவி கிடைத்தது. காலேஜ் வரைக்கும் அதில்தான் படித்தாய். உன் சோகமான கண்களை மறக்கவே முடியவில்லை என்று அவர்கள் கடிதம் எழுதினார்கள். அதை யாரோ படித்துச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கமாக இல்லை. அன்றைக்கு நான் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று இந்த வருஷம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நாம் நன்றாக இருப்பதைக் காட்டினால் யாரும் நமக்கு எதுவும் செய்ய மாட்டார்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு குழந்தைக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது பாவம். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கார்த்தி. ஆனால் உனக்கு இப்போது முப்பது வயது. எட்டு வயதில் கற்றதைச் சரியா தப்பா என்று பார்க்கும் அளவுக்கு நீ படித்திருக்கிறாய்.

உன் நோக்கம் கெட்டது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். குப்பையை அனுப்புகிறவனைப் பிடிக்க வேண்டும் என்றாய். சரிதான். நானும் அதைத்தானே நோட்டில் எழுதிவந்தேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் அனுப்பியவன் யார் என்று கேட்கவில்லை. எது ஓடும் மெஷின், எது செத்த மெஷின், அதை யார் சோதித்தார்கள், திருப்பி அனுப்ப வழி உண்டா, வேலை செய்பவர்களுக்கு முகமூடி உண்டா, எதையும் கேட்கவில்லை. அந்தக் கிழவியைப் பார்த்து ஐயோ பாவம் என்றார்கள். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டால் பிறகு அவளிடம் என்ன கேட்க இருக்கிறது? அவளுக்கு என்ன தெரியும்? அவளை அங்கிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று முடிவு செய்தார்கள். அனுப்பிவிட்டார்கள். பதினாறு வருஷமாக அந்த மெஷின்களின் குடலைப் பார்த்தவள் நான். அந்த அறையில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. நீ என்னை ஒன்றும் தெரியாதவளாக்கிக் காட்டினாய். ஏழையாகக் காட்டியதுகூட எனக்கு வலிக்கவில்லை, நாம் ஏழையாக இருந்தவர்கள்தான். இதுதான் வலிக்கிறது.

இரண்டாவது ஹியரிங்குக்கு நான் தனியாக மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். உனக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு நீ வரவில்லை. அதே படத்தை மறுபடியும் போட்டார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். அதிகாரி அம்மாள் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நிங்ஙளாணோ இது?" என்றார், நீங்கள்தானா இது என்று. ஆமாம் என்றேன். உங்கள் மேலதிகாரி எழுந்து மிகவும் மென்மையாகப் பேசினார்.

"அம்மா, நீங்க யாருக்கோ பயந்து பேசுறீங்கன்னு எங்களுக்குப் புரியுது. நாங்க உங்க பக்கந்தான்."

"என்னைய யாரும் மிரட்டலிங்க. அந்தப் படத்துல நிக்கச் சொல்லியும் யாரும் மிரட்டல. எம்மகன் சொன்னான், நின்னேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். உன் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. நான் நோட்டைக் கொடுத்தேன். அந்த அதிகாரி அம்மாள் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னிடம் கேள்வி கேட்டார். செத்த மெஷினை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், அனுப்பும் இடத்திலேயே சோதிக்க முடியுமா, கரிப்பொடியை எங்கே கொட்டுகிறீர்கள், பின்னால் இருக்கும் யார்டு யாருடையது என்று. சில கேள்விக்கு என் பதில் எங்களுக்கே பாதகமாக இருந்தது. கரிப்பொடியை ஆரம்ப வருஷங்களில் சாக்கில் கட்டி ஓடைப் பக்கம் போட்டிருக்கிறோம். அதையும் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் வெளியே வந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

சோதித்து, ஓடும் மெஷினை மட்டும் அனுப்ப வேண்டும், செத்து வந்ததை அனுப்பியவனே திருப்பி எடுக்க வேண்டும் என்று அந்த அதிகாரி அம்மாள் எழுதி மேலே அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இன்னும் முடிவு வரவில்லை. யார்டுக்கு நோட்டீஸ் போனது. அவர்கள் கேபிளைக் கொஞ்சம் தள்ளி, வாய்க்கால் பக்கம் கொண்டுபோய் எரிக்கிறார்கள். ஷெட் பூட்டித்தான் கிடக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

உன் கல்யாணத்துக்கு அம்மாவாக நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சுவரில் இருந்தது யார் என்று நிவேதாவிடம் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் என்னை அடையாளம் கண்டு அவளிடம் சொல்லும்படி விட்டுவிடாதே. உன் அப்பா என்னிடம் மறைத்ததும் உண்டு, நான் அவரிடம் மறைத்ததும் உண்டு. தெரிந்த பிறகு சண்டை போட்டோம், சேர்ந்துகொண்டோம். ஆனால் மூன்றாம் மனுஷர் சொல்லித் தெரிந்துகொண்டது மட்டும் எங்களுக்குள் கடைசிவரை ஆறவே இல்லை. அவள் அந்தப் படத்துக்காக அழுதவள். அவளுக்கு அது தெரிய வேண்டும்.

இதோடு முடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் போன வாரம் உன் அமைப்பிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் உணர்வுகளை மதித்து அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்களாம். சென்னியப்பன் தன் போனில் உங்கள் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆமாம், நான் இல்லை. என் இடத்தில் மினதி இருந்தாள்.

மினதியை உனக்கு ஞாபகம் இருக்காது. ஒடிசாவிலிருந்து வந்து யார்டில் கேபிள் உரிக்கிறவள். நீ வந்த அன்றைக்கு மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் அரைத்துக் கொண்டுவந்த காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலை, காரம் தெரியாமல் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுவிட்டாள். கண்ணும் மூக்கும் ஒழுக, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளும் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். அப்போது நீ எடுத்திருக்கிறாய். சிரிப்பதற்கு முந்தின நொடி. படத்தில் கண்ணீர் மட்டும்தான் இருக்கிறது. கீழே எழுதியிருக்கிறார்கள், இவள் கண்ணீருக்கு யார் பொறுப்பு என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னியப்பனின் போனை வாங்கிக்கொண்டு அவள் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் "அக்கா, காந்தாரி!" என்று சிரித்தாள். அவளுக்கும் அது ஞாபகம் இருந்தது. பிறகு கீழே எழுதியிருப்பதை அவளுக்குப் புரிகிற தமிழிலும் எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியிலும் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"ஊர்ல எல்லார்கிட்டயும் போன் இருக்கு அக்கா. நான் இங்க நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்கேன். மாமியார் பாத்தா?"

யார்டு பொல்லாத இடம்தான், அவள் அங்கிருந்து வெளியேற வேண்டியவள்தான். ஆனால் அதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லையே.

"இத யாரு எடுத்தது?" என்று கேட்டாள்.

யாரோ ஒருவர் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நீ அந்த ஹியரிங் அறையில் அப்படித்தானே இருந்தாய். நான் அப்படி இருக்க விரும்பவில்லை.

"எம்மகன்" என்றேன்.

அவள் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கோபப்படவில்லை. வாளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாதியில் விட்ட துணியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள், "அவர வரச் சொல்லுங்க அக்கா."

வா, கார்த்தி. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அன்றைக்குத்தான் அவளுக்கு லீவு. நானும் உன்னோடு அவள் அறை வரைக்கும் வருகிறேன். ஆனால் பேச வேண்டியது நீ.

அம்மா